‘மனசிலாயோ’ பாட்டில் கேட்ட குரல்: மலேசியா வாசுதேவனை ரசிகர்கள் ஏன் விடவே மாட்டேங்கிறாங்க?

2024 செப்டம்பரில் ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ பாட்டு வெளிவந்தபோது, அதை வைத்து எடுத்த ஒரு ரீல்ஸையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அனிருத் இசை, ரஜினிகாந்த் ஆட்டம். ஆனால் அந்தப் பாட்டில் கேட்கும் ஒரு குரலுக்குச் சொந்தக்காரர் 2011-லேயே காலமாகிவிட்டார். ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீண்டும் கொண்டுவரப்பட்ட அந்தக் குரல், மலேசியா வாசுதேவனுடையது.

“யார் இவர்? பேரிலேயே மலேசியா இருக்கே!” என்று நீங்கள் கேட்டிருந்தால், வீட்டில் அம்மாவோ தாத்தாவோ சட்டென்று பதில் சொல்லியிருப்பார்கள். “நம்ம ஊரு ஆளுடா!” கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்த லெம்பா பெர்த்தாமிலிருந்து கிள்ளான் வரை, தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு பாடகரின் குரலை இயந்திரம் நகலெடுக்க முடியும் என்றால், ரசிகர்கள் இத்தனை வருடமாக அந்தக் குரலில் கண்டது என்ன? அது நகலில் வந்துவிட்டதா?

யார் இந்த மலேசியா வாசுதேவன்?

1944 ஜூன் 15-ல் இந்த நாட்டில், மலையாளப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கே தமிழ் நாடகங்களில் நடித்துக்கொண்டும் மேடைகளில் பாடிக்கொண்டும் இருந்தார். சினிமாவில் பாட வேண்டும் என்ற ஆசையோடு சென்னைக்குப் போனார். வாய்ப்பு உடனே கிடைத்துவிடவில்லை. அங்கே இளையராஜா சகோதரர்களின் மேடைக் கச்சேரிகளில் பாடினார்.

திருப்புமுனை 1977-ல் வந்தது. பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’யில், கமல்ஹாசனுக்காக ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ பாட்டைப் பாடினார். எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாமல் போனதால் இந்த வாய்ப்பு வாசுதேவனுக்குக் கிடைத்தது என்று இசை ரசிகர்கள் பரவலாகச் சொல்வார்கள். கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு இளையராஜாவின் முக்கியமான ஆண் குரல்களில் ஒன்றாக இருந்தார். படங்களில் வில்லனாகவும் குணச்சித்திர வேடங்களிலும் நடித்தார். மகன் யுகேந்திரனும் மகள் பிரசாந்தினியும் பாடகர்கள். 2011 பிப்ரவரி 20-ல் சென்னையில் காலமானார்.

‘ரேஞ்ச்’னு சொல்றாங்களே, அது என்ன?

“அவரோட ரேஞ்சே வேற” என்று ரசிகர்கள் சொல்லும்போது, அதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இசைக் கணக்கு. ஒரு ‘ச’விலிருந்து அடுத்த மேல் ‘ச’ வரை உள்ள தூரத்தை ஒரு ஸ்தாயி என்கிறோம். ஒரு ஸ்தாயி மேலே போனால் ஒலியின் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்காகும். உதாரணமாக, 220 ஹெர்ட்ஸில் இருக்கும் சுரம் மேல் ஸ்தாயியில் 440 ஹெர்ட்ஸ். ஒருவர் கீழே எவ்வளவு ஆழமாக இறங்குவார், மேலே எவ்வளவு உயரமாக ஏறுவார் என்பதே குரலின் எல்லை. தேர்ந்த பாடகர் பலருக்கும் இது சுமார் இரண்டு ஸ்தாயி இருக்கும். ஆக, உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல பாடகர்களுக்கிடையே அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இரண்டாவது, எத்தனை விதமான மனிதர்களாக அந்தக் குரல் மாற முடியும் என்பது. வாசுதேவனின் ரேஞ்ச் என்று ரசிகர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் இதைத்தான்.

‘முரட்டுக்காளை’யில் 1980-ல் ரஜினிக்காக அவர் பாடிய ‘பொதுவாக என் மனசு தங்கம்’ ஒரு திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்று பாடுகிற குரல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சொற்களை எறிவது போலப் பாடுவார். அடுத்த ஆண்டே ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்துக்காக ‘கோடைக்காலக் காற்றே’. ஊட்டிப் பள்ளி ஒன்றைச் சுற்றி நடக்கும் கதை. அதில் அதே ஆள், காதருகே பேசுகிற மாதிரி அவ்வளவு மென்மையாகப் பாடுவார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தது என்று சொன்னால் நம்பக் கொஞ்சம் நேரமாகும்.

மலைத்தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது பாட்டின் மேல் தனிப் பிரியம் இருந்தால் ஆச்சரியமில்லை. ஊட்டியும் கேமரன் மலையும் ஒரே மாதிரி ஊர்கள்தானே: பனி, தேயிலைச் சரிவு, வளைந்து வளைந்து ஏறும் ரோடு.

சோகப் பாட்டில் அப்படி என்ன செய்கிறார்?

ரசிகர்கள் எப்போதும் முதலில் சொல்லும் பாட்டு, ‘முதல் மரியாதை’ படத்தின் ‘பூங்காற்று திரும்புமா’. 1985-ல் வந்த படம். பாரதிராஜா இயக்கம், இளையராஜா இசை, வைரமுத்து வரிகள். இந்தப் படத்துக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

திரையில் பாடுபவர் சிவாஜி கணேசன். ஊரே மதிக்கும் பெரியவர், வீட்டில் மட்டும் நிம்மதி இல்லாதவர். சிவாஜிக்குப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்தவர் டி.எம்.சௌந்தரராஜன். சிவாஜி என்றாலே டி.எம்.எஸ். குரல் என்று பழகிப்போன காதுகளுக்கு, வயதான சிவாஜியின் மனசாக வாசுதேவனின் குரல் வந்தது. அது பொருந்தாமல் போயிருந்தால் படத்துக்கே அடி. ஆனால் பொருந்தியது. எப்படி?

ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, உச்சரிப்பு. தலைப்பில் ‘காற்று’ என்று எழுதுகிறோம். அவர் பாடுவது ‘காத்து’. கிராமத்து மனிதர் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் தமிழ் அது. மேடைத் தமிழாக ஒரு சொல் மாறியிருந்தாலும் நாம் அந்த ஆளை விட்டு விலகியிருப்போம்.

இரண்டு, அடக்கம். சோகப் பாட்டு என்றால் குரல் உடைய வேண்டும், விம்ம வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். இந்தப் பாட்டில் அவர் அழுவதில்லை. அழாமல் இருக்க முயல்கிற ஒரு ஆளாகப் பாடுகிறார். வரியின் கடைசியில் குரலை நீட்டி நமக்குக் காட்டாமல், மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிடுகிறார். நம் ஊர் அப்பாக்களும் தாத்தாக்களும் துக்கத்தை இப்படித்தான் காட்டுவார்கள். அல்லது காட்டாமல் இருப்பார்கள்.

மூன்று, இடம் விடுவது. எஸ்.ஜானகியின் குரல் பதில் சொல்ல வரும்போது, இவர் குரல் ஏற்கெனவே களைத்துப்போய் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும். ஆறுதல் சொல்ல ஒருவர் வரும்படி பாடுவதும் ஒரு திறமைதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பாடகரும் இசைக்குழுவும் பெரும்பாலும் சேர்ந்தே ஒலிப்பதிவு செய்தார்கள். யாராவது தவறினால் மறுபடி எடுக்க வேண்டும். சுருதியைக் கணினியில் திருத்தும் ஆட்டோ-டியூன் 1997-ல்தான் சந்தைக்கு வந்தது. நீங்கள் கேட்கும் அந்த நடுக்கமும் மூச்சும், அன்று ஸ்டூடியோவில் நடந்ததே.

தேயிலை மலைக்கு அந்தக் குரல் எப்படி வந்து சேர்ந்தது?

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தொடங்கியது. கொழுந்து பறிக்கவும் ஆலையில் வேலை செய்யவும் வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கடை, இவ்வளவுதான் உலகம். பொழுதுபோக்கு என்றால் வானொலி முக்கியம். இன்று மின்னல் பண்பலையாக நீங்கள் கேட்பது, அன்று ரேடியோ 6 என்ற பெயரில் ஒலித்தது.

ஆனால் மலைக்கும் வானொலிக்கும் எப்போதும் ஒரு தகராறு உண்டு. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கில் சிக்னல் பலவீனமாகிவிடும். ‘லெம்பா’ என்றாலே மலாயில் பள்ளத்தாக்குதான். இப்படிப்பட்ட இடங்களில் எண்பதுகளில் பெரிய துணையாக வந்தது கேசட். ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ ஈப்போவிலோ வாங்கிய ஒரு கேசட் பல வீடுகள் சுற்றி வரும். நாடா தேய்ந்து அறுந்தால், செல்லோடேப் போட்டு ஒட்டி மறுபடி ஓட விடுவார்கள். வாசுதேவனின் உச்சகாலமும் கேசட்டின் உச்சகாலமும் ஒன்றாக அமைந்தது ஒரு அதிர்ஷ்டம்.

பிறகு கோயில் திருவிழா ஒலிபெருக்கி, கல்யாண வீடு, இப்போது கரோக்கே. ‘தர்ம யுத்தம்’ படத்தில் அண்ணன் தங்கைக்காகப் பாடும் ‘ஒரு தங்க ரதத்தில்’ பாட்டைக் கல்யாண வீட்டில் போட்டால், பெண்ணின் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நீங்களே பார்த்திருக்கலாம். 1979-ல் வந்த பாட்டு அது.

இதற்கெல்லாம் மேலாக அந்தப் பெயர். தமிழ் சினிமாப் பாட்டு எப்போதும் அங்கிருந்து இங்கே வரும். இங்கிருந்து போன ஒருவர் அங்கே உச்சத்தில் நின்று, படத்துக்குப் படம் டைட்டில் கார்டில் நாட்டின் பெயரையும் சேர்த்துக் காட்டியது தோட்டத்து மக்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்திருக்காது.

சரி, ஏஐ எதைக் கொண்டுவந்தது?

குரல் மாற்றும் ஏஐ பொதுவாக இப்படி வேலை செய்யும். ஒருவரின் பழைய பதிவுகளைக் கொடுத்து, அவர் குரலின் நிறத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பிறகு வேறொருவர் பாடுவார். இயந்திரம் அந்தப் பாட்டின் மேல் முதலாமவரின் குரல் நிறத்தைப் பூசும். எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே அடக்குவது என்பதையெல்லாம் அடியில் பாடியவரே முடிவு செய்கிறார். ‘மனசிலாயோ’வில் பாடியவர்கள் பட்டியலில் வாசுதேவன் பெயரோடு மகன் யுகேந்திரன் பெயரும் இருக்கிறது.

ஆக, நகலெடுக்கப்பட்டது குரலின் நிறம். ‘பூங்காற்று’ பாட்டில் நாம் பார்த்த மூன்று விஷயங்களும் நிறத்தில் சேராதவை. அவை ஒரு பாடகர் அந்த நிமிடத்தில் எடுத்த முடிவுகள். ஆட்டம் போடுகிற பாட்டுக்கு நிறமே போதும், கேட்டதும் ஒரு சந்தோஷம் வரும். சோகப் பாட்டுக்கு அது போதுமா என்பதை உங்கள் காதே சொல்லட்டும்.

ஒரு குரல் யாருக்குச் சொந்தம்?

மெட்டுக்கும் வரிக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர்கள் உண்டு. குரலின் நிறத்துக்கு? இது இப்போதுதான் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டிருக்கும் கேள்வி. 2024 ஜூலையில், தன் குரலை அனுமதியின்றி ஏஐ மூலம் பயன்படுத்துவதற்கு எதிராகப் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டது. அதே ஆண்டு ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைப் பயன்படுத்திய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பங்களிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார்.

குடும்பம் சம்மதித்தால் போதுமா, பாடியவர் உயிரோடு இருந்தால் இந்தப் பாட்டுக்கு ஒப்புக்கொண்டிருப்பாரா என்ற கேள்விகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. ஒரு பழைய குரலை ரசிக்கும் நாமும் இதில் ஒரு தரப்புதான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

• உற்சாகத்துக்கு: ‘பொதுவாக என் மனசு தங்கம்’, முரட்டுக்காளை, 1980
• மென்மைக்கு: ‘கோடைக்காலக் காற்றே’, பன்னீர் புஷ்பங்கள், 1981
• துக்கத்துக்கு: ‘பூங்காற்று திரும்புமா’, முதல் மரியாதை, 1985
• குறும்புக்கு: ‘பேர் வச்சாலும்’, மைக்கேல் மதன காமராஜன், 1990. 2021-ல் ‘டிக்கிலோனா’ மூலம் மறுபடி ஹிட் ஆனதும் இதே குரல்தான்.
• மண்வாசனைக்கு: ‘தென்கிழக்குச் சீமையிலே’, கிழக்குச் சீமையிலே, 1993. இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் தேடும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். பல பாட்டுகளில் முதலில் தெரிவது இசையமைப்பாளர் பெயர். பாடியவர் யார் என்று பார்க்க இன்னும் இரண்டு தட்டு தட்ட வேண்டியிருக்கும். கேசட் உறையில் படித்தும் அறிவிப்பாளர் சொல்லக் கேட்டும் பாடகரின் பெயரைத் தெரிந்துகொண்ட தலைமுறை இப்போது தாத்தா பாட்டி ஆகிவிட்டது. கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். அங்கே வளர்ந்த தமிழர்களின் பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். எந்தப் பாட்டு எந்தக் கல்யாணத்தில் ஒலித்தது, எந்தத் திருவிழாவில் யார் மேடையேறிப் பாடினார் என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மேலே உள்ள பட்டியலில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, “இதை முதல்ல எங்க கேட்டீங்க?” என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பதிலை உங்கள் போனில் பதிவு செய்து வையுங்கள். அந்தப் பதில் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.