ஆம்ப் இல்லாத கிதார் - பக்கத்து வீட்டுக்காரர் தூங்கின வரலாறு

எலெக்ட்ரிக் கிதார் வாங்குறது சுலபம். வாசிக்க நேரமும் இடமும் அமையறதுதான் கஷ்டம். பகல்ல ஆபீஸ். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் நமக்கு விடியும். அந்த நேரத்துல வால்வ் ஆம்ப்ளிஃபையரைத் திருகினா மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துடுவார். (வந்தார். அது தனிக்கதை.) சரின்னு வயரை நேரா கம்ப்யூட்டர்ல சொருகி ரெக்கார்ட் பண்ணி நண்பர்கிட்ட போட்டுக் காட்டினேன். "என்னய்யா, தகர டப்பாக்குள்ள ஈ மாட்டின மாதிரி இருக்கு? நிஜ ஆம்ப் இல்லாம பண்றதெல்லாம் டுபாக்கூர்"னு ஒரே போடா போட்டுட்டார்.

அந்த 'டுபாக்கூர்' ரொம்ப நாள் உறுத்திச்சு. தேடிப் படிச்சா, நண்பர் தலைல தூக்கி வச்சு ஆடுற பாட்டுலயே சிலது டுபாக்கூர்தான்!

1968. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ. பீட்டில்ஸோட 'ரெவல்யூஷன்' சிங்கிள் ஆரம்பத்துல காதைக் கிழிக்குதே ஒரு கிதார், அதுக்கு ஆம்பே கிடையாது. கிதாரை நேரா கன்சோல்ல சொருகி, ப்ரீஆம்ப் தாங்காத அளவுக்குத் திருகிவிட்டார் இஞ்சினியர் ஜெஃப் எமெரிக். 1971-ல வந்த லெட் செப்பலினோட 'ப்ளாக் டாக்' கிதாரும் கன்சோல் வழியா நேரா போனதுதான். டெட்ராய்ட்ல மோட்டவுன்காரங்களுக்கு 1960-கள்லயே இது சர்வசாதாரணம்.

ஆனா அவங்ககிட்ட இருந்தது ஸ்டுடியோ கன்சோல். வீட்டுல இருக்கறவன் என்ன பண்றது?

இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.ல மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிச்சவர். பகல்ல போலராய்ட் கம்பெனில வேலை, மிச்ச நேரத்துல வீட்டு பேஸ்மெண்ட்ல ரெக்கார்டிங். (நம்ம ஜாதி!) பாஸ்டன் குழுவோட முதல் ஆல்பம் (1976) பெரும்பாலும் அந்த பேஸ்மெண்ட்ல உருவானது. அமெரிக்கால மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிக்கு சர்டிஃபிகேட் வாங்கிருக்கு.

அவர் அப்போ வாசிச்சது நிஜ ஆம்ப்லதான். அதுக்கப்புறம் சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டற 'பவர் சோக்'னு ஒண்ணைக் கொண்டு வந்தார். ஆம்ப் முழு மூச்சுல கத்தும். அதிகப்படி சக்தியை இந்தப் பெட்டி சூடாக்கி எரிச்சிடும். அடுத்தது 1982-ல 'ராக்மேன்'. இடுப்புல மாட்டிக்கிற சைஸ், பேட்டரி, ஹெட்ஃபோன். முடிஞ்சுது. 1987-ல வந்த டெஃப் லெப்பர்டோட 'ஹிஸ்டீரியா' ஆல்பத்துல கிதார் சத்தமெல்லாம் பெரும்பாலும் இந்தக் குட்டிப் பெட்டி தந்ததுதான்.

அப்போ என் ரெக்கார்டிங் மட்டும் ஏன் ஈ மாதிரி கத்திச்சு? ரெண்டு காரணம். ஒண்ணு, சாதாரண பிக்கப்புக்கு சுமார் 1 மெகாஓம் இருக்கற உள்வாசல் வேணும். கம்ப்யூட்டரோட லைன்-இன் அதுக்கு ரொம்பக் கீழே. சிக்னல் அங்கேயே சோர்ந்து போகும். ரெண்டாவதுதான் முக்கியம். 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சட்டுனு சரிஞ்சிடும். டிஸ்டார்ஷன் கிளப்பற கீச்சுக் கீச்செல்லாம் அந்த சல்லடைல நின்னுடும். நான் சல்லடையே இல்லாம மாவைக் கொட்டியிருக்கேன்!

இதுக்கப்புறம் வந்த வரலாறு முழுக்க அந்த சல்லடையைப் போலி பண்ற கதைதான்னு சொல்லலாம். 1989-ல நியூயார்க் டெக் 21 கம்பெனியோட 'சான்ஸ்ஆம்ப்' அதை அனலாக் சர்க்யூட்லயே பண்ணிச்சு. 1998-ல லைன் 6 கம்பெனியோட 'பாட்', சிவப்பா அவரைக்கொட்டை வடிவத்துல ஒரு டிஜிட்டல் பெட்டி, ஆம்ப், ஸ்பீக்கர், மைக் மூணையும் கணக்குப் போட்டுக் காட்டிச்சு. பெட்டியும் வேண்டாம்னு 2002-ல 'ஆம்ப்லிட்யூப்', 2004-ல 'கிதார் ரிக்'னு சாஃப்ட்வேர் வந்துச்சு. இன்னிக்கு நிஜ ஸ்பீக்கர் பெட்டியோட 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' ஃபைல் இலவசமா கிடைக்குது. நிஜ ஆம்பைக் கேட்டுக் கத்துக்கற நியூரல் நெட்வொர்க்கும் வந்தாச்சு. 'நியூரல் ஆம்ப் மாடலர்' முழுக்க ஓப்பன் சோர்ஸ், காலணா செலவில்லை.

நண்பர் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மறைக்கலை. ஆம்ப் முன்னாடி நின்னா ஸ்பீக்கர் தள்ளற காத்து கம்பியைத் திரும்ப அதிர வைக்கும். ஸ்வரம் தானா நீளும். ஹெட்ஃபோன்ல அது வராது. ஆனா என் கணக்கு வேற. ஆம்புக்காகக் காத்திருந்தா வருஷத்துக்கு ரெண்டு நாள் வாசிக்கலாம். இப்போ தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் வாசிக்கறேன். விரல் தேறியிருக்கு.

போன வாரம் படிக்கட்டுல மாடி வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகத்துல அவ்வளவு சந்தோஷம். "என்ன தம்பி, கிதாரை வித்துட்டீங்களா?"ன்னு கேட்டார்.

"ஆமா சார்"னு சொல்லிட்டேன். ஹி ஹி.