மெய்நிகர் செயலிப் பிணைப்பு

மெய்நிகர் செயலிப் பிணைப்பு என்பது, ஒரு மெய்நிகர் கணினியின் செயலியை வன்பொருளில் உள்ள குறிப்பிட்ட கோரில் மட்டும் இயங்கச் செய்யும் முறை ஆகும். ஒரே கணினியைப் பல கணினிகளாக இயங்கச் செய்யும் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளில் இது பயன்படுகிறது.

பகிர்வின் தொடக்கம்

ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் உருவாக்கிய சி.பி.-40 என்னும் மென்பொருள் 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அது ஒரே கணினியில் 14 மெய்நிகர் கணினிகள் வரை இயக்கியது. 1972இல் வி.எம்/370 அறிவிக்கப்பட்டது. விலை மிகுந்த ஒரு செயலியைப் பலர் பகிர்ந்துகொள்வதே அன்றைய நோக்கம். சி.பி.-40 கணினியில் இருந்தது ஒரே செயலி. எனவே எதில் இயங்குவது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

இதனைப் பழவேற்காடு ஏரியின் 'பாடு' முறையோடு ஒப்பிடலாம். தோணிரேவு போன்ற மீனவ ஊர்கள் அமைந்த அந்த ஏரியில், பாட்டு உரிமை உடையவர்கள் மீன்பிடி இடங்களை முறைமாற்றிப் பயன்படுத்துவர். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. ஹைப்பர்வைசரில் ஷெட்யூலர் என்னும் நிரல் செயலி நேரத்தை இவ்வாறே பங்கிடுகிறது.

பிணைப்பின் தேவை

பல கோர்கள் கொண்ட செயலிகள் பரவியபோது புதிய சிக்கல் தோன்றியது. ஒரு கோரில் இயங்கும் பணி, தனக்கு வேண்டிய தரவை அதன் கேச் நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. ஷெட்யூலர் அப்பணியை வேறு கோருக்கு மாற்றினால், தரவை மீண்டும் சேர்க்க வேண்டும். 2003இல் வந்த ஏ.எம்.டி. ஆப்டெரான் போன்ற செயலிகளில் ஒவ்வொரு செயலிக்கும் அருகே தனி நினைவகம் அமைந்தது. தொலைவிலுள்ள நினைவகத்தை அணுகக் கூடுதல் நேரம் பிடித்தது.

லினக்ஸில் ஒரு பணியைக் கோருடன் பிணைக்கும் வசதி 2002இல் 2.5.8 பதிப்பில் சேர்ந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில் கே.வி.எம். இணைந்தது. இதில் ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் லினக்ஸின் சாதாரண த்ரெட் என்பதால், அந்தப் பழைய வசதியே பிணைப்புக்கும் பயன்பட்டது. தாமதத்தைப் பொறுக்காத தொலைத்தொடர்புப் பணிகளுக்காக, 2015இல் ஓப்பன்ஸ்டாக்கின் கிலோ பதிப்பு தனிக்கோர் ஒதுக்கீட்டை வழங்கியது.

பொதுவான தவறு

பிணைத்தாலே அந்தக் கோர் முழுவதும் தனக்கே சொந்தம் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. பிணைப்பு ஆளை இடத்தோடு கட்டுகிறது. இடத்தை ஆளுக்கு உரிமையாக்குவதில்லை. பிற மெய்நிகர் கணினிகளும் அதே கோருக்கு வரலாம். அப்போது பிணைக்கப்பட்ட செயலி, வேறு கோர்கள் சும்மா இருந்தாலும் அங்கே செல்ல முடியாமல் காத்திருக்கும். எனவே பிணைப்போடு மற்றவற்றை விலக்கிவைக்கும் ஒதுக்கீடும் தேவை.

பாதுகாப்பும் விலையும்

2018 ஆகஸ்டில் இன்டெல் செயலிகளில் எல்1டி.எஃப். என்னும் குறை வெளிப்பட்டது. ஒரே கோரின் இரு த்ரெட்களைப் பகிரும் மெய்நிகர் கணினிகளில் ஒன்று, மற்றொன்றின் தரவை அறிய வழி இருந்தது. இதனால் ஒரு கோர் முழுவதையும் ஒரே மெய்நிகர் கணினிக்கு ஒதுக்குவது பாதுகாப்பு நடவடிக்கையாகவும் ஆனது.

இதற்கு விலையும் உண்டு. ஒதுக்கிய கோர் வேலையின்றி இருந்தாலும் பிறர் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே காலந்தவறாமை இன்றியமையாத பணிகளுக்கே பிணைப்பு ஏற்றது; மற்றவற்றுக்கு முறைவைத்துப் பகிர்வதே சிக்கனமானது.