செதிற்கவசம்: பெயரும் தொழிலும்

உரோமானியரின் மார்புக் கவசத்திற்கு இலத்தீனில் 'லோரிகா' என்பது பொதுப்பெயர். தோல்வாரைக் குறிக்கும் 'லோரும்' என்னும் சொல்லினின்று இப்பெயர் பிறந்ததென்பது கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வார்ரோவின் விளக்கம். தோல் உலோகமாக மாறிய பின்னரும் பெயர் நிலைத்தது.

இக்கவச வகைகளுள் ஒன்று மீன்செதிலால் பெயர்பெற்றது. 'ஸ்குவாமா' என்னும் இலத்தீன் சொல்லும் 'லெபிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் செதிலையே குறிக்கும். கி.பி. 218இல் பேரரசர் மக்ரினஸ், போரில் எளிதாக இயங்கும் பொருட்டுத் தம் மெய்க்காவற் படையினரின் கவசங்களைக் களைவித்த செய்தியைக் கூறும் காசியஸ் டியோ, அவற்றைச் செதிலுடையவை என்றே அடைகொடுத்துச் சுட்டுகிறார். வர்ஜிலோ 'ஈனியட்' காப்பியத்தின் 11ஆம் பகுதியில் வெண்கலச் செதில்களின் அடுக்கைப் பறவையின் இறகுக்கு ஒப்பிடுகிறார். மீனாயினும் பறவையாயினும் இவை கண்ணுக்குத் தோன்றிய ஒப்புமைகளே. கைவினைஞனின் வேலையை இப்பெயர்கள் உணர்த்துவதில்லை.

அவ்வேலையோ நுணுக்கமானது. செம்புக் கலவை அல்லது இரும்பின் மெல்லிய தகடு சிறு செதில்களாக வெட்டப்பட்டு, அடிமுனை பெரும்பாலும் வளைவாக்கப்படும். ஒவ்வொன்றிலும் துளையிட்டு, பக்கத்துச் செதிலோடு சிறு கம்பியால் கோத்து வரிசையாக்குவர். பின்னர் அவ்வரிசையைத் துணியிலோ தோலிலோ தைப்பர். மேல்வரிசை கீழ்வரிசையின் தையலை மறைப்பதால், வேலை கீழிருந்தே மேல்நோக்கிச் செல்லவேண்டும். கூரைக்கு ஓடு வேய்வோர் இம்முறையை நன்கறிவர். ஸ்காட்லாந்தின் கார்ப்போவில் துணியோடு ஒட்டியே கிடைத்த செதில்கள் இத்தையலுக்குச் சான்று. சிரியாவின் துரா எயூரோபோஸில் 1930களின் அகழாய்வு குதிரைக்கான செதிற்கவசத்தையே வெளிக்கொணர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவது இங்கேதான். வளையங்களைக் கோத்ததையும், தாங்குதுணியின்றித் தகடுகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்ததையும், செதில் தைத்ததையும் வேறுபாடின்றிக் 'கவசம்' என்றெழுதினால் மூலத்தின் பொருள் சிதையும். கீழிருந்து மேல்நோக்கிக் குத்தும் ஈட்டிமுனை செதிலைத் தூக்கி உட்புகக்கூடும் என்பது போர்க்களச் செய்தியில் இன்றியமையாதது. வளையக் கவசத்திற்கு அது பொருந்தாது. 'செதில் வேய்ந்த கவசம்' என்னும் தொடர் உருவத்தையும் செய்முறையையும் ஒருங்கே தருகிறது. வேய்தல் என்பதற்குச் சூடுதல், அணிதல் என்னும் பொருள்களும் தமிழில் உண்டு.

எனினும் இரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு வகைக்கு இத்தொடர் ஒவ்வாது. அதில் செதில்கள் நாற்புறமும் கம்பியால் இறுக்கப்பட்டன. கவசம் விறைப்பானது, ஆனால் செதிலைக் கீழிருந்து தூக்குதல் அரிதாயிற்று. அதனைச் 'செதில் பிணைத்த கவசம்' என்பதே தகும்.