முகவரி தேடும் கடிதங்கள்

தபால் பெட்டியில் நாம் போடும் கடிதம் உரியவரிடம் சேராவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பெறுபவர் வீடு மாறியிருக்கலாம், இறந்திருக்கலாம், முகவரி மழையில் கரைந்திருக்கலாம். உறையின் மேல் அனுப்பியவர் முகவரி இருந்தால் கவலையில்லை, கடிதம் அவரிடமே திரும்பி வரும். அதுவும் இல்லையென்றால்? கடிதத்தை எறிந்துவிடவும் முடியாது. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் முறையல்ல.

இந்தச் சிக்கல் தபால் துறையோடு கூடப் பிறந்தது. 1854இல் இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. எடை குறைந்த கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் அரையணாதான். எளியவர்களும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் பல ஊர்களில் தெருப் பெயரும் இல்லை, கதவிலக்கமும் இல்லை. இன்னாரின் மகன், கோயில் குளத்துக்கு மேற்கே என்பதே முகவரி! அதுவும் பல மொழிகளில், பல எழுத்துகளில். இவற்றில் கரைசேராதவை ‘டெட் லெட்டர் ஆபீஸ்’ என்ற அலுவலகத்துக்குச் சென்றன. ‘செத்த கடிதம்’ என்ற பெயர் பின்னாளில் மாறி, ஆர்.எல்.ஓ., அதாவது திரும்பிய கடித அலுவலகம் ஆயிற்று.

அங்கே என்ன நடந்தது? 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம் அதற்கு ஒரு வழி வகுத்தது. முதலில் பெறுபவரைத் தேட வேண்டும். முடியாவிட்டால், இரகசியம் காக்கக் கடமைப்பட்ட அலுவலர் ஒருவர் கடிதத்தைத் திறக்கலாம். அனுப்பியவர் பெயரையும் முகவரியையும் அறிவதற்காக மட்டுமே அந்த அனுமதி. அப்படியும் துப்புக் கிடைக்காத கடிதங்கள் அழிக்கப்படும். உள்ளே பணமோ, கெட்டுப்போகாத, விலைபோகும் பொருளோ இருந்தால் ஓராண்டு காத்திருப்பார்கள். யாரும் உரிமை கோராவிட்டால் அது துறையின் கணக்கில் சேரும். 2024 ஜூன் மாதம் புதிய அஞ்சல் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்தப் பழைய சட்டமே இருந்தது.

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வராமல் தடுப்பது மேல் அல்லவா? அந்த வேலையைச் செய்தது 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமான பின்கோடு. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய வடமொழிப் புலவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதை வகுத்தார். 625001 என்ற எண்ணைப் பாருங்கள். 6 என்பது தமிழகமும் கேரளமும் அடங்கிய மண்டலம். 62 என்றால் அதனுள் ஓர் உட்பகுதி. 625 மதுரை வட்டாரம். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். ஒவ்வோர் இலக்கமும் தேடும் பரப்பைச் சுருக்கிக்கொண்டே வருகிறது!

நம் நாட்டில் புதூர்களுக்கும் புதுப்பட்டிகளுக்கும் குறைவில்லை. ஊர்ப் பெயர் குழப்பினால் எண் வழிகாட்டும். எண்ணில் பிழை நேர்ந்தால் ஊர்ப் பெயர் காட்டிக்கொடுக்கும். ஒரே செய்தியை இரு வகையில் சொல்லிப் பிழையைப் பிடிக்கும் இம்முறையைத்தான் இன்றைய கணிப்பொறிகளும் கையாளுகின்றன.

ஆகவே அடுத்த முறை உறையை ஒட்டும்போது, இடப்பக்க மூலையில் உங்கள் முகவரியையும் பின்கோடையும் எழுத மறவாதீர்கள். உங்கள் கடிதத்தை வேறு எவரும் திறக்காமல் காக்கும் பூட்டு அந்த இரண்டு வரிதான்.