சித்திரம்: நிறம் உதிர்ந்த சொல்

சித்திரம் என்றால் இன்று நமக்குத் தாளிலோ சுவரிலோ வரைந்த படம். வடமொழியில் இச்சொல்லின் முதற்பொருள் படமல்ல. ரிக் வேதத்தில் அது 'பளிச்சென்று தெரிவது'. பின்னர் 'பல நிறம் கலந்தது', 'புள்ளி விழுந்தது' என்று பொருள் விரிந்தது. சித்திரை மாதத்துக்குப் பெயர் தந்த விண்மீன் முதற்பொருளின் வாரிசு. உடலெங்கும் புள்ளி கொண்ட 'சித்ரக'ம் இந்தியில் சீத்தாவாகி, ஆங்கிலம் வழியாகச் சீட்டா என்று நம்மிடம் வந்தது. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறுமாகப் படைப்பது சித்திரான்னம்.

தமிழுக்கு இச்சொல் பழையது. புறநானூற்றில் பாடப்பெற்ற பாண்டியன் ஒருவனுக்குப் பெயரே 'சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்'. நம் சொல்லான ஓவியமும் நிறத்தை விட்டு நின்றதில்லை. வண்ணம் ஏற்றாத வெறுங்கோட்டுப் படத்துக்கு நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று அடைமொழி போட வேண்டியிருக்கிறது. புனைந்தால்தான் ஓவியம்.

வியப்பு சிற்ப நூல்களில் இருக்கிறது. அவை உருவங்களை மூன்றாக வகுக்கின்றன. முழு உருவமாகச் செதுக்கியது சித்திரம். பின்புறம் கல்லோடு ஒட்டிய புடைப்புச் சிற்பம் அர்த்தசித்திரம். சுவரிலும் துணியிலும் தீட்டியது சித்திராபாசம். ஆபாசம் என்றால் இங்கே போலித் தோற்றம். நாம் சித்திரம் என்று அழைப்பது அந்நூலாருக்குச் சித்திரத்தின் நிழல்தான். பல நிறத்தைக் குறித்த சொல்லைச் சிலைக்கே சூட்டியிருக்கிறார்கள். அன்று கல்லும் நிறம் பூண்டிருந்தது.

'சித்திரகாரப்புலி' என்று விருதுப்பெயர் பூண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அங்கே அவன் பெயர் விசித்திரசித்தன். சுதையைத் தள்ளியவன் நிறத்தைத் தள்ளவில்லை. மாமண்டூர்க் குடைவரையில் வண்ணப் பூச்சின் தடயங்கள் உண்டு.

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் கல்மேல் நிறம் இருந்தது இன்னும் தெளிவு. 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த கோயில் அது. சுற்றாலையின் சிற்றறைகளில் குனிந்து நுழைந்தால், மணற்கல்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். அதன்மேல் காவிக் கோடு, மஞ்சள், பச்சை. ஓர் அறையில் சோமாஸ்கந்தர் ஓவியம் சிதைந்த நிலையிலும் அடையாளம் தெரிகிறது. பூச்சு போன இடத்தில் கல் சொரசொரப்பாக நிற்கிறது. கண்ணிமை, ஆடை மடிப்பு, அணிமணி போன்ற நுணுக்கங்களில் பாதியை உளி தூரிகைக்கு விட்டுவைத்திருக்கிறது. 1931இல் ஆய்வாளர் ழூவோ துப்ரேய் இவ்வோவியங்களைக் கவனப்படுத்தினார். அதே ஆண்டில் தஞ்சைப் பெரியகோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார்.

வெயிலும் மழையும் நிறத்தைக் கழுவ, வெறுங்கல்லே பழமை என்று கண் பழகிவிட்டது. பளபளக்கும் பெயின்ட் பூசிய கோபுரத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். சுளிக்கக் காரணம் இருக்கிறது. காவிக்கல், பச்சைமண் இவற்றின் அடங்கிய நிறம் எனாமலில் வராது. ஆனால் குறை பூச்சின் தரத்தில்தானே தவிர, பூசும் வழக்கத்தில் இல்லை. திருப்பணியின்போது 'அழுக்கு' என்று மணல் வீசிச் சுரண்டியது சில சமயம் சித்திரத்தின் பாதியையே. கல்லைச் சுத்தம் செய்யுமுன் அதன்மேல் ஒட்டியிருப்பது என்னவென்று பார்ப்பதே முதல் வேலை.