துண்டும் சம்பள நாளும்

வரவிருக்கும் சம்பளத்தை நம்பி, அது கைக்கு எட்டுமுன் பெறப்படும் சிறுதொகையே குறுங்காலக் கடனாகும். மேலைநாடுகளில் இன்று சம்பள நாட்கடன் என வழங்கும் இதன் பெயர் புதிது, பொருள் பழையது. ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பதுளை முதலிய ஊவா மலைச்சரிவுகளிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரான நாள்முதல், தொழிலாளர் வாழ்வோடு இது பின்னிக்கிடந்தது. அது இயங்கிய வகையையும் தளர்ந்த வகையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்திற் கடன் வேலைக்கு முன்னரே தொடங்கிற்று. தென்னிந்தியக் கிராமத்தில் ஆள் திரட்டிய கங்காணி வழிச்செலவுக்கும் ஊர்க்கடனைத் தீர்ப்பதற்கும் கொடுத்த முற்பணம், மலையேறியதும் தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தாற் போதுமென்றது. எனவே, தைமாத உழைப்பின் ஊதியம் பங்குனி முடிவிலே கிடைத்தாலும் அது சட்டத்துக்கு மாறன்று. இடைக்காலத்தில் தோட்டம் அளந்த அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. ஏனைய தேவைகளுக்குக் கங்காணியும் கடைக்காரரும் கடன் கொடுத்தனர். சம்பளம் தாமதிக்கத் தாமதிக்கப் பற்று வளர்ந்தது.

இக்கடனுக்கு உருவங்கொடுத்தது துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டே அது. கங்காணி அதனை வேறொரு தோட்டத்துக்குக் கொண்டுசெல்வார். ஆள் வேண்டிய துரை அத்தொகையைக் கட்டுவார். உதாரணமாக, 1,000 ரூபாத் துண்டுக்கு 1,200 ரூபா பெறப்படின், மிகுதி 200 ரூபா கங்காணியின் கைக்குச் செல்ல, சுமை தொழிலாளர்மீது ஏறும். ஆட்களுக்கான போட்டி மிகுந்தபோது கடனும் மிகுந்தது. மாற்றியவர் வேறு, இறுத்தவர் வேறு.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டுமுறையை ஒழித்தது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1923 முதல் ஆட்திரட்டும் செலவைத் தோட்டங்களின் பொதுநிதி ஏற்றது. பின்வந்த சட்டங்கள் சம்பளத்தை அடுத்த மாதம் 10ஆம் நாளுக்குள் கொடுக்கவேண்டுமென விதித்தன. இவ்விறுதிச் சீர்திருத்தம் பெரிதும் பேசப்படுவதில்லை. எனினும், கடனின் வேர் தாமதமாயின், அவ்வேரைத் தொட்டது இதுவேயாம்.

துண்டு ஒழிந்தபின்னும் கடன் ஒழியவில்லை. அதன் கணக்கைச் சற்று நோக்குவோம். ஒருவர் ஒரு மாதத்துக்கு 1,000 ரூபா கேட்கிறார். வட்டி 100 ரூபாவை முன்னரே கழித்துக்கொண்டு 900 ரூபா தருகின்றனர். நூற்றுக்குப் பத்தெனத் தோன்றினும், கைக்கு வந்தது 900 ஆதலின் வட்டி மாதம் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேலாகும். ஆண்டுக்கு நூற்றுக்கு 133 ஆகும். முதலை இறுக்கமுடியாது மாதந்தோறும் 100 ரூபா கட்டித் தவணையை நீட்டினால், ஆறு மாதத்தில் 600 ரூபா போனபின்னும் முதல் 1,000 அவ்வாறே நிற்கும்.

இச்சூழ்ச்சியை முன்னரே உணர்ந்தது 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தற் சட்டம். உண்மையிற் பெற்ற முதல், முன்கூட்டிக் கழித்த தொகை, வட்டிவீதம் ஆகிய மூன்றும் வாக்குறுதிச் சீட்டில் தனித்தனியே எழுதப்படவேண்டுமென அது பணித்தது. நியாயமற்ற கொடுக்கல்வாங்கலை மீள ஆராயும் உரிமையையும் நீதிமன்றத்துக்கு அளித்தது. ஆயினும், சீட்டை வாசிக்க அறியாதவர்க்குச் சட்டம் எங்ஙனம் துணையாகும்?

இன்று பண்டிகை முற்பணம், அடகு, வாரத்தவணைச் சிறுகடன் என அதே தேவை பல வடிவெடுத்துள்ளது. நுண்நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டமும் எழுந்தது. எனினும், கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் 1918இற் கேட்டவையே: கைக்கு வருவது எவ்வளவு? முன்கழிவு எவ்வளவு? வீதம் என்ன? இவற்றோடு, வரும் மாதச் சம்பளம் இதனை இறுத்தபின் அம்மாத அரிசிக்கும் போதுமா என்பதையும் கேட்டல் வேண்டும். போதாதெனின், அடுத்த கடன் அன்றே எழுதப்பட்டுவிட்டது. இதனை நம் மாணவர் கணக்குப் பாடத்திலேனும் கற்பாராயின், தம் பாட்டன்மார் பெயர் ஏறிய துண்டுகளின் வரலாறு அவர்க்குப் பயன்பட்டதாகும்.