அகத்தியர் மலையும் இரு பருவங்களும்

தென்றல் பொதிகையில் பிறக்கிறது என்பது தமிழ் மரபு. அப்பொதிகையைச் சேர்ந்த அகத்தியர் மலையின் மீது ஒரு காலத்தில் காந்த ஊசியும் பாரமானியும் இருந்தன என்பதைப் பலர் அறியார். திருவனந்தபுரத்தின் வானிலை வரலாற்றில் அது சிறப்பானதோர் அத்தியாயம்.

ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வாணிப முகவராயிருந்த ஜான் கால்டெகாட் வான நூலில் பற்றுடையவர். அவர் யோசனையை ஏற்ற மன்னர் சுவாதித் திருநாள், 1837-ஆம் ஆண்டில் தலைநகரின் உயர்ந்த குன்றொன்றில் வான்நோக்கு நிலையம் அமைப்பித்தார். 1849-இல் கால்டெகாட் மறைந்தார். 1852-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஆலன் பிரௌன் பொறுப்பேற்றார். தாழ்ந்த நகரிலும் ஓங்கிய சிகரத்திலும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிட விழைந்த அவர், 1855-இல் ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள அகத்தியர் மலையில் மற்றொரு நிலையம் எழுப்பினார். அவர் 1865 வரை பணியாற்றினார். காந்த ஊசியைப் பற்றிய அவருடைய பதிவுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. மலை நிலையம் நிலைக்கவில்லை. நகரக் குன்றிலோ இன்றும் வானிலை அளக்கப்படுகிறது.

இவ்வூர் இரு பருவங்களின் மழையையும் பெறுவது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதற்குரிய இயல்பான நாள் ஜூன் 1. கடற்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதால் மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது. கிழக்கே நெல்லைச் சமவெளிக்கு எஞ்சுவது சொற்பமே. அக்டோபரில் வடகிழக்குப் பருவம் பிற்பகல் இடியோடு வருகிறது. ஆகவே ஆண்டு மழையில் இரு உச்சங்கள் உண்டு. மொத்தம் ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் இங்கு வருவதுண்டு. அப்பொழுது புழுக்கம் மிகுதி. டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரையுள்ள காலமே யாத்திரைக்கு இனியது. மழை குறைவு, காலையும் மாலையும் இதமானவை.

எனினும் பயணிக்கு வசதி தேடுவது மட்டுமே வானிலைக் கணிப்பின் பயனன்று. 2017 நவம்பர் 30-ஆம் நாள் கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கிப் புயல் உருவானபோது, திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களின் மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, பலர் திரும்பவேயில்லை. குன்றின்மீது அளந்தறிந்த செய்தி கடலிலுள்ள கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் உரிய வேளையில் சென்று சேரவேண்டும். 1837-இல் தொடங்கிய பணியில் இன்னும் எஞ்சியிருப்பது இதுவே.